தூக்குத் தண்டனை வேண்டுமா? தொரப்பாடியிலிருந்து ஒரு குமாஸ்தாவின் பதில்கள்

வேலூர் கோர்ட்டில் முப்பத்திரண்டு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன். வக்காலத்து எழுதுவது, கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவது, நகலுக்கு மனு போடுவது, கட்சிக்காரருக்கு வாய்தா தேதி சொல்வது, இதுதான் தொழில். சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் சட்டம் எழுதப்படுகிற காகிதத்தை அதிகம் கையாண்டவன். வீடு தொரப்பாடியில், மத்திய சிறைக்கு நடந்து போகிற தூரம்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டியில் 'மரண தண்டனை தேவையா?' என்ற தலைப்பு வந்தால், யாரோ என் வீட்டைக் கை காட்டிவிடுகிறார்கள். பிள்ளைகளோடு வருகிற அப்பாக்கள் இன்னும் அதிகமாகக் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள்தான் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நீங்கள் எந்தப் பக்கம்?

வேண்டாம் என்கிற பக்கம். எல்லா உயிரும் ஒன்று என்கிற பெரிய மனசு எனக்கு இருப்பதாகச் சொல்ல மாட்டேன். சில கட்டுகளைப் படிக்கும்போது, இவனைத் தொங்கவிட்டால் என்ன தப்பு என்று எனக்கே தோன்றியிருக்கிறது. என் காரணம் வேறு. ஒரு கொலைக் கேஸில் காகிதங்கள் எப்படித் தயாராகின்றன என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தக் காகிதத்தை நம்பி ஒருவனை ஜெயிலில் வைக்கலாம், தப்பு என்று தெரிந்தால் கதவைத் திறந்துவிடலாம். ஒரு உயிரைத் தொங்கவிட அந்தக் காகிதம் தாங்காது.

தாங்காது என்றால் எப்படி? விளக்கமாகச் சொல்லுங்கள்.

நம் பக்கத்துக் கொலைக் கேஸ்களில் அடிக்கடி பார்க்கிற கதை ஒன்று உண்டு. குற்றவாளி ஊர் வி.ஏ.ஓ.விடம் தானாகப் போய் "நான்தான் வெட்டினேன்" என்று ஒப்புக்கொள்வான். வி.ஏ.ஓ. அதை எழுதி வாங்கி ஸ்டேஷனுக்கு அழைத்துப் போவார். பிறகு அவன் காட்டிய இடத்தில் ஆயுதம் கிடைக்கும். அதைக் கைப்பற்றியதாக எழுதும் மகஜரில் வி.ஏ.ஓ.வும் தலையாரியும் சாட்சியாகக் கையெழுத்துப் போடுவார்கள். போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்பதால்தான் இந்தச் சுற்று வழி. சில சமயம் உண்மையாகவே அப்படி நடக்கும். எல்லாக் கொலைகாரனுக்கும் வி.ஏ.ஓ. மேல் அவ்வளவு பாசமா என்று எங்கள் சீனியர் வக்கீல் சிரிப்பார்.

எங்கள் ஆபீஸ் நடத்திய ஒரு வரப்புத் தகராறுக் கொலை. ஊரும் ஸ்டேஷனும் வேண்டாம். மகஜரில் அரிவாளின் நீளம் பிடியோடு 52 செ.மீ. கோர்ட்டில் முத்திரையைப் பிரித்து எடுத்த அரிவாள் பார்வைக்கே குட்டையாக இருந்தது. சீனியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஓடிப்போய் எதிர்க்கடையில் ஒரு மர ஸ்கேல் வாங்கி வந்தேன். முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல், அதனால் இரண்டு தடவை வைத்து அளக்க வேண்டியிருந்தது. 41. குறுக்கு விசாரணையில் தலையாரி, "நான் ஸ்டேஷன்லதாங்க கையெழுத்துப் போட்டேன், கொல்லைக்கு எல்லாம் போகல" என்று சொல்லிவிட்டார்.

அப்படியும் செஷன்ஸ் கோர்ட்டில் ஆயுள் தண்டனை விழுந்தது. உயர் நீதிமன்றம் விடுதலை செய்ய ஆறு வருடம் ஆனது. அதற்குள் அவன் அப்பா இறந்துபோயிருந்தார், ஒரு காணி நிலம் கைமாறியிருந்தது. ஆனால் ஆள் இருந்தான். எங்கள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தான், நகல் எப்போது கிடைக்கும் என்று கேட்டான்.

சட்டப்படி யாருக்குத் தூக்கு? எத்தனை படி தாண்ட வேண்டும்?

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-வது பிரிவு இப்போது 103. கொலைக்குத் தண்டனை ஆயுள் அல்லது மரணம். ஆயுள்தான் வழக்கம், தூக்கு என்றால் நீதிபதி தனிக் காரணம் எழுத வேண்டும். 1980-ல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன 'அரிதினும் அரிதான வழக்கு' என்ற சொல்தான் இன்றுவரை அளவுகோல்.

செஷன்ஸ் நீதிபதி தூக்கு எழுதினாலும், உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அது நடக்காது. அப்பீல் போடாவிட்டாலும் கட்டு தானாகச் சென்னைக்குப் போகும். அதன்பின் உச்ச நீதிமன்றம், சீராய்வு மனு. 2014-லிருந்து அந்தச் சீராய்வை மூன்று நீதிபதிகள் திறந்த கோர்ட்டில் கேட்க வேண்டும். கடைசியாக ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கருணை மனு. மனு தள்ளுபடி ஆன தகவல் கைதிக்குப் போய் 14 நாளாவது கழித்துத்தான் தூக்கிலிட முடியும்.

இத்தனை படி இருக்கும்போது தப்பு எப்படி நடக்கும்?

நடந்திருக்கிறது, உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது. பச்சன் சிங் தீர்ப்பு, குற்றத்தை மட்டும் பார்க்காதே, குற்றவாளியின் வாழ்க்கையையும் பார் என்றது. 1995 டிசம்பரில் ராஜஸ்தானைச் சேர்ந்த ராவ்ஜி என்பவரின் தண்டனையை உறுதி செய்தபோது, குற்றத்தின் கொடூரத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று எழுதிவிட்டார்கள். அவர் அடுத்த ஆண்டே தூக்கிலிடப்பட்டார். அந்தத் தீர்ப்பைப் பார்த்து மற்ற வழக்குகளிலும் அதையே எழுதினார்கள். 2009-ல் வேறொரு வழக்கில்தான், ராவ்ஜி தீர்ப்பு தவறாக எழுதப்பட்டது என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012-ல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர், அந்தத் தவறான வழியில் தூக்கு விதிக்கப்பட்டு உயிரோடு இருக்கும் 13 பேரின் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். ராவ்ஜிக்கு எழுத என்ன இருக்கிறது?

2011-ல் வேலூர் ஜெயிலில் தூக்கு நடப்பதாக இருந்ததே, அது என்ன?

ராஜீவ் காந்தி 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். 1998 ஜனவரியில், தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துக்கான கோர்ட் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. ஒரே தீர்ப்பில் இருபத்தாறு. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை வெளியே விட்டது, மூன்று பேருக்கு ஆயுள், நான்கு பேருக்குத் தூக்கு. 2000-ல் நளினிக்கு ஆயுளாகக் குறைந்தது. முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரின் கருணை மனு பதினோரு வருடம் டெல்லியில் கிடந்து, 2011 ஆகஸ்டில் தள்ளுபடி ஆனது. செப்டம்பர் 9 என்று நாள் குறித்தார்கள், எங்கள் ஊர் ஜெயிலில்.

அந்த இரண்டு மூன்று வாரம் தொரப்பாடி தொரப்பாடியாக இல்லை. டிவிக்காரர்களின் வேன் வரிசையாக நின்றது. நான் வழக்கமாகப் போகிற டீக்கடையில், கயிறு வந்துவிட்டது என்பார் ஒருவர், ஆள் கிடைக்கவில்லை என்பார் இன்னொருவர், காலை எத்தனை மணி என்று மூன்றாமவர் கேட்பார். யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் எல்லோருடைய குரலும் ஒரு மாதிரி இறங்கியிருந்தது. தூக்கில் போடத்தான் வேண்டும் என்று பத்து வருடமாகப் பேசிய எங்கள் தெருக்காரர் ஒருவர் அந்த வாரம் டீக்கடைக்கே வரவில்லை. பிறகு கேட்டதற்கு, "பக்கத்துலயே நடக்கும்னு நெனைக்கல" என்றார். காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் இதற்காகத் தீக்குளித்து இறந்தார். அதை வீரம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போயிருக்கக் கூடாத உயிர்.

ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எட்டு வாரத்துக்குத் தடை கொடுத்தது. அதே நாளில் சட்டமன்றத்தில் தண்டனையைக் குறைக்கக் கோரும் தீர்மானம் நிறைவேறியது. 2014 பிப்ரவரி 18 அன்று, கருணை மனுவில் ஆன தாமதத்துக்காக உச்ச நீதிமன்றம் மூவருக்கும் ஆயுளாகக் குறைத்தது.

தாமதம் ஒரு காரணமா? அவர்கள் நிரபராதி என்று யாரும் சொல்லவில்லையே?

சரிதான், தண்டனையைக் குறைத்தார்களே தவிர குற்றமற்றவர்கள் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. ஆனால் பேட்டரி விஷயத்தைக் கேளுங்கள்.

பேரறிவாளன் ஜோலார்பேட்டைக்காரர், அப்போது அது நம் வட ஆற்காடு. கைதானபோது வயது 19. ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தார், அவை வெடிகுண்டில் பயன்பட்டன என்பது அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அதற்குப் பெரிய ஆதாரம் அவருடைய ஒப்புதல் வாக்குமூலம். சாதாரணச் சட்டத்தில் போலீஸ் அதிகாரி எழுதும் ஒப்புதல் செல்லாது, தடாவில் எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி எழுதினால் செல்லும். இது தடாவுக்குரிய பயங்கரவாதக் குற்றமே இல்லை என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் தடாவில் எழுதிய ஒப்புதலை ஏற்றுக்கொண்டது. குமாஸ்தா புத்திக்கு இன்றுவரை இது ஏறவில்லை.

2013-ல், அந்த வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜனே வெளியில் வந்து பேசினார். எதற்காக அந்த பேட்டரி என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதாகவும், அந்த வரியைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகவும் சொன்னார். ஒரு வரி. 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கு நடந்திருந்தால், அந்த அதிகாரி 2013-ல் யாருக்காகப் பேசியிருப்பார்?

2022 மே 18 அன்று, அரசியல் சட்டத்தில் தனக்குத் தனி அதிகாரம் தரும் 142-வது பிரிவைக் கொண்டு உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது. அந்த நவம்பரில் மற்ற ஆறு பேரையும்.

ஸ்ரீபெரும்புதூரில் செத்தவர்களைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

நியாயமான கோபம். ராஜீவோடு பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பந்தோபஸ்துக்குப் போன போலீஸ்காரர்களும் அதில் உண்டு. அவர்களுடைய படத்தை மேடையில் வைத்து யாரும் கூட்டம் போடவில்லை. தூக்கு வேண்டாம் என்று பேசுகிற எங்கள் பக்கத்தின் பெரிய குறை இது.

தூக்கு இருந்தால் பயம் இருக்கும், குற்றம் குறையும் இல்லையா?

தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கு நடந்தது 1995 ஏப்ரல் 27, சேலம் ஜெயிலில், ஆட்டோ சங்கருக்கு. அதன் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது கல்யாண வயது. இந்த இடைவெளியால் கொலை பெருகியது என்று யாராவது காட்டினால் நான் யோசிக்கிறேன். ஆயுள் தண்டனையைவிடத் தூக்கு அதிகமாகப் பயமுறுத்துகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2015-ல் சட்ட ஆணையம் தன் 262-வது அறிக்கையில் சொன்னது. பயங்கரவாத வழக்குகள் தவிர மற்றவற்றில் தூக்கை எடுத்துவிடவும் பரிந்துரைத்தது.

அறிக்கையை விடுங்கள். நான் பார்த்த கொலைக் கட்டுகளில் முக்கால்வாசி வரப்பு, வாய்க்கால், குடி, சந்தேகம். கல்யாண வீட்டில் ஆரம்பித்த வாய்ச்சண்டையும் உண்டு. அரிவாளை எடுக்கிறவன் அந்த நேரத்தில் பிரிவு எண்ணைப் பார்ப்பதில்லை. திட்டம் போட்டுச் செய்கிறவனோ மாட்டமாட்டோம் என்று நினைத்துத்தான் செய்கிறான். மாட்டுவோம் என்ற பயம் வேண்டுமானால் வேலை செய்யும். அதற்கு ஸ்டேஷனில் வேலை ஒழுங்காக நடக்க வேண்டும்.

ஆயுள் தண்டனை என்றால் பதினாலு வருடத்தில் வந்துவிடுவானே?

இந்த நம்பிக்கை எங்கிருந்து பரவியதோ. ஆயுள் என்றால் ஆயுள் முழுக்கத்தான். தூக்கும் விதிக்கத் தக்க குற்றத்தில் ஆயுள் வாங்கியவனை, அரசு நினைத்தாலும் 14 வருடத்துக்கு முன் பொதுவாக விட முடியாது என்பதுதான் சட்டம். பதினாலு ஆனதும் விட்டாக வேண்டும் என்று எங்கும் இல்லை. இருபது வருடம், முப்பது வருடம், சாகும்வரை தண்டனைக் குறைப்பே கூடாது என்று உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் எழுதலாம். 2015-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை உறுதி செய்தது. அந்த வழக்கின் பெயரிலேயே இருப்பவர் வேலூர் ஜெயிலில் இருந்த ஸ்ரீகரன் என்கிற முருகன்தான். பேரறிவாளனும் அவரும் முப்பது வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார்கள்.

தர்மபுரியில் மூன்று மாணவிகளை பஸ்ஸோடு எரித்தவர்கள் வெளியே வந்துவிட்டார்களே?

இந்தக் கேள்விக்கு என்னால் நிமிர்ந்து பதில் சொல்ல முடியாது. 2000 பிப்ரவரி 2. கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் சுற்றுலா போய்த் திரும்பிய பஸ். ஒரு கட்சித் தலைவிக்கு எதிரான தீர்ப்பைக் கண்டித்துப் போராட்டம் என்ற பெயரில் தீ வைத்தார்கள். மூன்று பேருக்குத் தூக்கு, 2010-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2016-ல் சீராய்வில், கும்பல் வெறியில் நடந்தது, மாணவிகளோடு முன்பகை இல்லை என்று சொல்லி ஆயுளாகக் குறைத்தார்கள். 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டிய முன்விடுதலையில் இதே வேலூர் ஜெயிலிலிருந்து வெளியே வந்தார்கள்.

தூக்கைக் குறைத்தது சரி என்பேன். விழாவுக்கு இனிப்புக் கொடுப்பது போல விடுதலை கொடுத்தது சரியில்லை. அந்தப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? நம் கோபம் போக வேண்டிய இடம் அந்த அரசாணை. அதைக் கேட்க ஆள் இல்லாததால் கோபம் கயிற்றின் பக்கம் போகிறது.

ஏழைக்குத்தான் தூக்கு என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், தூக்குத் தண்டனைக் கைதிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். எனக்கு இது செய்தியாகவே படவில்லை. இலவச சட்ட உதவியில் வந்த இளம் வக்கீல், முதல் நாள் சாயங்காலம் கட்டை வாங்கி மறுநாள் காலை டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவரைக் குறை சொல்ல முடியாது. பஸ் செலவுக்கே பாதி போய்விடும்.

குழந்தையைக் கொன்றவனுக்கும் கருணையா?

2017-ல் சென்னைப் பக்கம் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு கோர்ட் தூக்கு விதித்தது, ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. நாடே சரி என்றது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அரசுத் தரப்பு குற்றத்தை நிரூபிக்கவில்லை என்று அவரை விடுதலை செய்துவிட்டது. இதில் இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். செய்யாதவனைத் தொங்கவிடப் பார்த்தோம், அல்லது செய்தவனை விசாரணை ஓட்டையால் தப்பவிட்டோம். இரண்டுக்கும் தூக்குக் கயிறு மருந்தில்லை. அந்தப் பெற்றோருக்கு வேண்டியிருந்தது ஒழுங்கான விசாரணை. கிடைத்தது வேகமான தீர்ப்பு.

ஆணவக் கொலைக்காவது தூக்கு வேண்டாமா?

சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக வெட்டப்பட்ட உடுமலை சங்கர் கொலையில் 2017-ல் ஆறு பேருக்குத் தூக்கு விழுந்தபோது எனக்கும் உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது, மறைக்க மாட்டேன். 2020-ல் உயர் நீதிமன்றம் பெண்ணின் அப்பாவையே விடுவித்து, ஐந்து பேருக்கு ஆயுளாக்கியது. மேல் கோர்ட்டில் நிற்காத தூக்கைவிட, குறைக்க முடியாத முப்பது வருடம் மேல் என்று அன்று தோன்றியது.

அரசியல் நிர்ணய சபையில் 1949 ஜூன் 3 அன்று, தூக்குத் தண்டனையையே எடுத்துவிடுவதைத்தான் தாம் ஆதரிப்பேன் என்று பேசியவர் அம்பேத்கர். சாதிக் கொடுமை அவருக்குத் தெரியாததா? சில வருடம் நம் மாவட்டத்துக்கே வட ஆற்காடு அம்பேத்கர் என்றுதான் பெயர் இருந்தது.

வள்ளுவரே கொலைகாரனைக் களை என்று சொல்லியிருக்கிறாரே?

'கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல்' என்ற குறள், செங்கோன்மை அதிகாரத்தில் கடைசிக் குறள். களை பிடுங்குவதற்குச் சமம் என்கிறார். பரிமேலழகரும் கொல்வது என்றுதான் உரை சொல்கிறார். மழுப்ப வேண்டாம். ஆனால் அதே அதிகாரத்தின் முதல் குறள், ஓர்ந்து, ஒரு பக்கம் சாயாமல், தேர்ந்து செய்வதுதான் முறை என்கிறது. முதல் குறளைச் செய்து முடித்தவன் கடைசிக் குறளுக்கு வரட்டும்.

ஆரணிப் பக்கம் என் மாமனார் வீட்டில் நெல்லில் களையெடுப்பார்கள். நெல்லைப் போலவே நிற்கிற ஒரு புல் உண்டு. பழகாதவன் இறங்கினால் நெல்லைப் பிடுங்கிவிட்டுப் புல்லை விட்டுவிடுவான். என் மாமியார் என்னை வரப்பிலேயே நிறுத்திவிட்டார்.

ஜெயிலில் சோறு போட்டு வளர்க்க வேண்டுமா?

அங்கே போடுகிற சோற்றைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வி கேட்பதில்லை.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு நடந்தால் இப்படிப் பேசுவீர்களா?

பேச மாட்டேன். கத்தியை எடுப்பேன் என்றுகூட நினைக்கிறேன். அதனால்தான் தீர்ப்பு எழுதும் வேலையை என்னிடம் கொடுக்காமல் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

எதிர்த்தரப்பில் உங்களால் பதில் சொல்ல முடியாத வாதம் எது?

வாதம் இல்லை, ஒரு அம்மா. சத்துவாச்சாரி கோர்ட் வராண்டா, ரிட்டயர் ஆகும் முந்தின வருடம். மகனைக் கொன்றவனுக்கு ஆயுள் என்று அப்போதுதான் தீர்ப்பு சொல்லியிருந்தார்கள். நாங்கள் எதிர்த்தரப்பு ஆபீஸ். அது தெரியாமல் என்னிடம் வந்து, "அவன் அம்மா மாசா மாசம் மனு போட்டு அவனைப் பாக்கலாமாமே. நான் எங்க போயி மனு போடறது?" என்றார்.

நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்கார வைத்தேன். தீர்ப்பு நகல் வேண்டுமா என்று கேட்டேன், எனக்குத் தெரிந்தது அதுதான். தலையாட்டினார். நகல் மனுவை நானே எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.